பூ எதனால் வாடுகிறது என்று பார்த்துச் செலவு செய்யுங்கள்: பெங்களூர் பூக்கடைக்கு ஓர் ஒப்பீடு

கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலை எடுத்த ரோஜாக் கட்டு மறுநாள் மதியத்துக்குள் கழுத்தொடிந்து தொங்கும். "நேத்து வாங்கினது, இன்னிக்கே தலை சாஞ்சிடுச்சு அண்ணா" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். கடைக்காரர் தோட்டத்தைக் குறை சொல்வார், தோட்டக்காரர் வண்டியைக் குறை சொல்வார். அதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். பூவுக்கான உணவுப் பாக்கெட் போடு என்பார் ஒருவர். விசி கூலர், அதாவது குளிர்பானக் கடையில் நிற்கும் குளிர்ப்பெட்டி வாங்கு என்பார் இன்னொருவர். வெள்ளி மருந்தில் நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்கும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே பலிக்கிற வழிகள்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு நோய்க்கான மருந்து.

வெட்டிய பூ வாடுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள். தண்டு வழியே தண்ணீர் ஏறவில்லை. அல்லது கையிருப்புச் சர்க்கரை தீர்ந்துவிட்டது. அல்லது எத்திலீன் என்ற வாயு பட்டு இதழ்கள் முன்கூட்டியே மூப்படைந்தன. அல்லது வெப்பத்தில் கிடந்து, சுவாசித்தே பூ தன்னைத் தீர்த்துக்கொண்டது. ரோஜாவும் ஜெர்பராவும் பெரும்பாலும் தாகத்தால் போகின்றன. கார்னேஷனை எத்திலீன் கொல்கிறது. கிளாடியோலஸும் சம்பங்கியும் நுனி மொட்டுகளை விரிக்கச் சர்க்கரை போதாமல் நின்றுவிடுகின்றன. மல்லிக்கு வெப்பம்தான் எமன். உங்கள் கடையில் எந்தப் பூ அதிகம் போகிறது, அது எதனால் போகிறது என்று தெரியாமல் வாங்கும் எந்த மருந்தும் பாதிக் காசுக்குக்கூடப் பலன் தராது.

முதலில் வாளி

கழுத்தொடிந்த ரோஜா ஒன்றை வாளியிலிருந்து எடுத்து, தண்ணீரில் நின்ற அடித்தண்டை விரலால் வருடிப் பாருங்கள். வழவழவென்று சளி போல ஒட்டினால் அது பாக்டீரியாவும் அது சுரக்கும் பசையும். தண்ணீர் ஏறும் குழாய்களின் வாயை அந்தப் பசைதான் அடைக்கிறது. வாளித் தண்ணீரில் ஒரு மில்லிக்கு ஒரு கோடி அளவுக்குப் பாக்டீரியா பெருகிவிட்டால் ரோஜா தண்ணீர் உறிஞ்சத் திணறும். அந்தக் கட்டத்தில்கூடத் தண்ணீர் லேசாகக் கலங்கியது போலத்தான் தெரியும், நாற்றம் வந்திருக்காது. ‘நேற்றுத்தானே மாற்றினேன்’ என்று விட்டுவிடுகிற தண்ணீர் இதுதான்.

அடைப்பு பெரும்பாலும் வெட்டுமுனையை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். அதனால் நோயைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. தலை சாய்ந்த ரோஜாவின் அடியில் 3 சென்டிமீட்டரைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள். தண்டு முழுவதையும் நனைகிற மாதிரி ஒரு தொட்டியில் ஒரு மணி நேரம் கிடத்தி, பிறகு சுத்தமான வாளியில் நிறுத்துங்கள். மாலைக்குள் கழுத்து நிமிர்ந்தால் அந்தப் பூவுக்கு வயதாகவில்லை, குழாய்தான் அடைத்திருந்தது. அப்படியென்றால் நீங்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது பிரஷ், சோப்பு, பிளீச், கூர்மையான கத்தி இவற்றில்.

குழாயை அடைப்பதில் காற்றுக்கும் பங்குண்டு. ஓசூரிலிருந்தும் தொட்டபள்ளாப்பூரிலிருந்தும் ரோஜா உலர்ந்தபடி அட்டைப் பெட்டியில் வருகிறது. வெட்டிய கணமே தண்டு காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடையில் அவிழ்த்ததும் அப்படியே வாளியில் போட்டால், அந்தக் காற்றுக்குமிழி தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும். ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, அதற்குள் தண்டை அமிழ்த்தி 2 அல்லது 3 சென்டிமீட்டர் வெட்டினால் காற்று இருந்த பகுதி போய்விடும், புதுக்காற்றும் ஏறாது. சாய்வாக வெட்டினால் அதிகத் தண்ணீர் ஏறும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரமில்லை. தண்டு வாளியின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது, அதுதான் சாய்வு வெட்டின் லாபம். கத்தி மழுங்கியிருந்தால் எந்த வெட்டும் குழாய்களை நசுக்கிவிடும்.

தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கழற்றிவிட வேண்டும், அழுகுவது முதலில் அவைதான். முள்ளைச் சுரண்டி எடுப்பதில் மட்டும் நிதானம் வேண்டும். தோல் கிழிந்த இடமெல்லாம் பாக்டீரியாவுக்கு வாசல். கைபிடிக்கும் இடத்து முள்ளை மட்டும் ஒடித்தால் போதும்.

ஜெர்பராவுக்கு இந்த விதி கொஞ்சம் மாறும். அதன் தண்டு மென்மையானது, ரோமம் கொண்டது, அதிகத் தண்ணீரில் நின்றால் அழுகும். வாளியில் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் தண்ணீர் வேண்டாம். செடியிலிருந்து பிடுங்கிய அடிக்கட்டையில் குழாய்கள் நெருக்கமாக இறுகியிருக்கும், அந்த 3, 4 சென்டிமீட்டரை வெட்டி எறியாமல் வாளியில் வைத்தால் நல்ல தண்ணீரும் மேலே போகாது. முதல் சில மணி நேரம் பூவின் தலையைக் கம்பி வலையிலோ துளையிட்ட அட்டையிலோ தொங்கவிட்டுத் தண்ணீர் குடிக்கவிட்டால் தண்டு நேராகவே விறைக்கும். பிறகு வளைவது குறையும்.

இனித் தண்ணீர். பெங்களூரில் இது சின்ன விஷயமில்லை. ஒரே தெருவில் ஒரு கடைக்குக் காவிரித் தண்ணீர், பக்கத்துக் கடைக்கு போர்வெல், எதிர்க்கடைக்கு டேங்கர். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதிகம். அது அமிலத்தைத் தின்றுவிடும் என்பதால் பாக்கெட் மருந்தும் வீட்டுக் கலவையும் அதில் பாதி வேலைதான் செய்யும். கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து நிலத்தடி நீரில் புளூரைடு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மனிதர் குடிக்கத் தகுந்த அளவான 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) புளூரைடே ஜெர்பரா இதழைக் கருக்கப் போதும். கிளாடியோலஸ் அதைவிட நோஞ்சான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உப்பு போட்டு ஓடும் வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீர் இன்னொரு பொறி. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ரோஜாவும் கார்னேஷனும் சீக்கிரம் வாடும். காவிரித் தண்ணீர் கிடைத்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று பூவாளிக்கு ஊற்றாதீர்கள், விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வீட்டுக் கலவையா, பாக்கெட்டா?

வாளி சுத்தமான பிறகுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் வரும். இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே மூன்று பொருள்: பூவுக்குச் சர்க்கரை, தண்ணீர் சுலபமாக ஏறுவதற்கு அமிலம், பாக்டீரியாவை அடக்க ஒரு கொல்லி.

வீட்டுக் கலவை 10 லிட்டருக்கு இப்படி. சர்க்கரை 100 முதல் 150 கிராம். சிட்ரிக் ஆசிட் 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அந்த அளவு வரும். 5 சதவீத வலிமையுள்ள திரவ பிளீச் 10 மில்லி, இது தண்ணீரில் 50 பிபிஎம் குளோரினாகும். திரவ பிளீச் இல்லையென்றால் புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் ஒன்றரை கிராம். அதை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்து கிடந்த பிளீச்சிங் பவுடர் மழைக்காலத்தில் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். மூக்கில் ஏறும் காரவாசனை குறைந்திருந்தால் அதை நம்ப வேண்டாம்.

கலக்கும் வரிசை முக்கியம். வாளி நிறையத் தண்ணீர் இருக்கும்போது முதலில் பிளீச்சை ஊற்றிக் கலக்கி, பிறகு சர்க்கரை, கடைசியில் சிட்ரிக் ஆசிட். பிளீச்சையும் ஆசிட்டையும் தண்ணீரில்லாமல் ஒரே குவளையில் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சிட்ரிக் ஆசிட்டுக்கு மாற்றாக ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கலந்ததும், புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். காகிதத்தை நனைத்துப் பாருங்கள். 3.5-க்கும் 4-க்கும் நடுவில் நிற்க வேண்டும். காவிரித் தண்ணீரில் மேலே சொன்ன 5 கிராம் அதை ஒட்டிக் கொண்டுவரும். கடினமான போர்வெல் தண்ணீரில் அதே அளவு போட்டாலும் காகிதம் 5-க்குமேல் காட்டும், அப்போது கிராம் கிராமாகக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். எலுமிச்சம்பழம் பிழியலாமா என்று கேட்பார்கள். வீட்டில் ஒரு குவளைக்குப் பிழியலாம். கடைக்கு வேண்டாம், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், சதைத் துணுக்குகள் தண்ணீரில் மிதந்து அழுகும்.

வீட்டுக் கலவையின் பலவீனம் அதன் கொல்லிதான். குளோரின் அமிலத் தண்ணீரில் கூர்மையாக வேலை செய்யும், ஆனால் இலைத்துணுக்கிலும் தண்டுச் சாற்றிலும் செலவாகி ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பிறகு வாளியில் இருப்பது காவலில்லாத சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீரைவிட மோசம். ஆகவே இந்தக் கலவையை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொட்டி, வாளியைத் தேய்த்துப் புதிதாகக் கலக்க முடிகிறவர்களுக்கு மட்டுமே இது சரி. மூன்றாம் நாளும் அதே தண்ணீர் என்றால் சர்க்கரையே போடாமல் பிளீச்சும் ஆசிட்டும் மட்டும் போடுவது நல்லது. நாள் கூட்டலாம் என்று பிளீச்சை இரண்டு மூன்று மடங்காக்கினால் தண்டு வெளிறும், இலை சுருளும். ரோஜாவுக்குச் சர்க்கரையைக் கூட்டினால் இலையோரம் கருகும்.

கிறைசால், ஃப்ளோராலைஃப் போன்ற பாக்கெட்டுகளில் கொல்லி மெதுவாக வேலை செய்து பல நாள் தாங்கும் வகை, அமிலமும் தண்ணீரின் காரத்தன்மைக்கு ஈடுகொடுக்கும்படி சேர்த்திருக்கும். விலை அதற்குத்தான். ஆனால் பாக்கெட் வாங்குகிறவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று அந்தப் பணத்தையே வீணாக்குகிறது: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை வாளி முழுவதற்கும் தூவுவது. பாதி அளவு போட்டால் பாதிப் பலன் கிடைக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. நீர்த்துப்போன கொல்லி பாக்டீரியாவைத் தடுக்காது, நீர்த்த சர்க்கரை அதற்குச் சாப்பாடாகும். உறையில் எழுதிய அளவைப் போட முடியாதென்றால் போடாமலே இருங்கள்.

கடையில் விற்கும்வரை நிறுத்தும் மருந்தும் வாடிக்கையாளர் வீட்டுக் குவளையில் போடும் மருந்தும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். கடை வாளிக்கானதில் சர்க்கரை மிகக் குறைவு, ஏனென்றால் பூ கடையிலேயே விரிந்துவிடக் கூடாது. வீட்டுக்கானதில் சர்க்கரை அதிகம், அங்கே விரிய வேண்டும். வீட்டுப் பாக்கெட்டைக் கடை வாளியில் போட்டுவிட்டு ‘பூ சீக்கிரம் மலர்ந்துவிட்டது’ என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது. வீட்டுக் கலவையைக் கடையில் பயன்படுத்துகிறவர்கள் சர்க்கரையைப் பாதியாக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, அமிலமுள்ள எந்தக் கலவைக்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு வாளி கூடாது. அமிலம் துத்தநாகப் பூச்சை அரித்துத் தானும் தீர்ந்துபோகும். பிளாஸ்டிக்தான் சரி.

குவளையில் போடச் சொல்லும் ஆஸ்பிரின் மாத்திரை, நாணயம், எலுமிச்சை சோடா ஆகியவற்றில் சோடாவுக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதில் சர்க்கரையும் சிட்ரிக் ஆசிட்டும் இருக்கிறது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து, சொட்டு பிளீச்சும் விட்டால் ஒரு வீட்டுக் குவளைக்கு உதவும். நாணயம் போடுவது செம்புக் காசுக் காலத்து வழக்கம். இன்றைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, அது தண்ணீருக்குள் எதையும் விடாது.

சம்பங்கிக்கும் கிளாடியோலஸுக்கும் இந்த 1 சதவீதச் சர்க்கரை போதாது. தண்டோடு வாங்கும் சம்பங்கியை முதல் நாள் 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 200 கிராம், பிளீச்சோடு சேர்த்து ஒரு நாள் நிறுத்தி, பிறகு சாதாரணத் தண்ணீருக்கு மாற்றினால் மேல் மொட்டுகள் வரிசையாக விரியும். கிளாடியோலஸுக்கு ஓர் இரவு போதும். இதைத் தோட்டத்திலேயே செய்தால் இன்னும் நல்லது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல், சிருங்கார் போன்ற ஒற்றையிதழ்ச் சம்பங்கி ரகங்கள் உதிரியாக மாலைக்குப் போகிறவை. உதிரிப்பூவுக்குத் தண்டே இல்லாததால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

கார்னேஷன் தனிக் கதை

வாடும் கார்னேஷனை உற்றுப் பாருங்கள். தண்டு நேராக நிற்கும், இலை பசுமையாக இருக்கும், இதழ்கள் மட்டும் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருண்டு, தூங்குவது போல மூடிக்கொள்ளும். இது தாகமில்லை. தண்டை எத்தனை முறை வெட்டினாலும் இது திரும்பாது.

சிகாகோ பசுமைக்குடில்களில் கார்னேஷன்கள் இப்படித் தூங்கிப்போய் நஷ்டமான காலத்தில், விளக்கெரிக்கும் வாயுவில் கலந்த எத்திலீன்தான் காரணம் என்று குரோக்கர், நைட் என்ற இரு தாவர விஞ்ஞானிகள் 1908-இல் காட்டினார்கள். பூவே தனக்குள் எத்திலீனைச் சுரக்கிறது, சுரந்தது மேலும் சுரக்கத் தூண்டுகிறது என்பது பிறகு விளங்கியது. கலிஃபோர்னியாவில் ஷாங் ஃபா யாங் குழு 1979-இல் அந்த வாயு உருவாகும் பாதையின் நடுக்கண்ணியைக் கண்டுபிடித்தது. நமக்கு இது புதிய விஷயமே இல்லை. வாழைத்தாரை அறைக்குள் அடைத்து மூட்டம் போட்டால் பழுப்பது அந்தப் புகையிலுள்ள எத்திலீனால். காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு கார்னேஷனுக்கு முதுமை.

அதை மறிக்க இரண்டு மருந்துகள் உண்டு. பழையது எஸ்டிஎஸ் எனப்படும் வெள்ளித் தயோசல்பேட். வெறும் சில்வர் நைட்ரேட் தண்டின் அடியிலேயே தங்கிவிடும். தயோசல்பேட்டோடு சேர்ந்தால் வெள்ளி தடையின்றிப் பூவரை ஏறும் என்று 1978-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து கார்னேஷன் வணிகமே மாறியது. பூவில் எத்திலீனை உணரும் ஏற்பியில் வெள்ளி போய் அமர்ந்துகொள்கிறது, அதன்பிறகு எத்திலீன் வந்தாலும் பூவுக்குத் தெரிவதில்லை. குவளை ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கரைசல் செய்ய, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1.7 கிராம் சில்வர் நைட்ரேட்டும், 400 மில்லியில் 9.9 கிராம் சோடியம் தயோசல்பேட் படிகமும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிறகு வெள்ளிக் கரைசலைத் தயோசல்பேட்டுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கறுத்துப் படிந்து வெள்ளி வீணாகும். இந்த மூலக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் ஓர் இரவு நிறுத்தும் வலிமை, 50 மில்லி விட்டால் இரண்டு மணி நேரத்துக்கான வலிமை. நேரத்தைக் கூட்டினால் இலையில் கரும்புள்ளி விழும், தண்டு ஒடியும்.

செய்முறை தெரிந்தும், சில்லறைக் கடைக்காரர் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் முடிவு. இதை அறுவடையான சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். கடைக்கு வரும்போது பூ ஒன்றிரண்டு நாள் பழசு. சில்வர் நைட்ரேட் கையைக் கறுக்கும், விலையும் அதிகம். மீந்த கரைசலைச் சாக்கடையில்தான் கொட்டுவார்கள். நகரின் கணிசமான சாக்கடை பெலந்தூர் ஏரியில் போய் முடிகிறது, வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. கடைக்காரர் செய்ய வேண்டியது வாங்கும்போது கேட்பது: "எஸ்டிஎஸ் கொடுத்த மாலா?" கொடுத்ததென்று சொல்லும் தோட்டத்துக்குக் கட்டுக்கு நாலு காசு கூடக் கொடுக்கலாம்.

புதியது 1-எம்சிபி. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டுபிடித்தது, 1996-இல் காப்புரிமை பெற்றது. இது வாயு. எத்திலீன் உட்காரும் அதே இருக்கையை அதைவிட உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். கன உலோகம் எதுவுமில்லை என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் காற்றுப் புகாத அறையோ பெட்டியோ வேண்டும், சில மணி நேரம் பூட்டி வைக்க வேண்டும், பூவில் புது ஏற்பிகள் உருவானதும் பாதுகாப்பு தேய்ந்துவிடும். பெட்டி பெட்டியாக வெளியூர் அனுப்புகிறவருக்கு இது எஸ்டிஎஸ்ஸைவிட நல்ல தேர்வு. ஷட்டர் திறந்த கடைக்கு உதவாது.

இரண்டுமே எத்திலீனுக்கு அஞ்சும் பூவுக்குத்தான்: கார்னேஷன், ஜிப்சோபிலா, டெல்ஃபினியம், லிசியாந்தஸ், டென்ட்ரோபியம் ஆர்க்கிட். ரோஜா ரகத்துக்கு ரகம் மாறும். செவ்வந்திக்கும் ஜெர்பராவுக்கும் கொடுத்தால் காசு தண்டம், அவை எத்திலீனைக் கண்டுகொள்வதே இல்லை. ஆர்க்கிட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பூவின் நடுமூக்கில் உள்ள மகரந்த மூடியைக் கை தட்டிவிட்டால், மகரந்தச் சேர்க்கை ஆனது போலப் பூ தானே எத்திலீன் சுரந்து வாடத் தொடங்கும். அலங்காரம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. கார்னேஷன் வாளி பழக்கடைப் பக்கம் இருக்கக் கூடாது. ஆட்டோவும் டெம்போவும் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வாசலில் இருக்கக் கூடாது. காலையில் சாம்பிராணி போடுவதென்றால் புகை அந்த மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிய பூவை நல்ல பூவோடு விட்டுவைக்காதீர்கள், அது விடும் எத்திலீன் பக்கத்துப் பூவையும் இழுத்துக்கொண்டு போகும்.

மருந்தே வேண்டாத பூவை உருவாக்க முடியுமா என்ற ஆய்வும் நடக்கிறது. ஜப்பானில் ஒனோசாகி குழு நீண்ட ஆயுள் உள்ள செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து கலப்பினம் செய்து, எந்த மருந்துமின்றி இரண்டு வாரத்துக்குமேல் நிற்கும் மிராக்கிள் ரூஜ், மிராக்கிள் சிம்பனி என்ற கார்னேஷன்களைத் தந்தது. அவை எத்திலீனையே மிகக் குறைவாகத்தான் சுரக்கின்றன. 2014-இல் இன்னொரு ஜப்பானியக் குழு, அரை நாளில் வாடும் காக்கட்டான் வகைப் பூவில் மூப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு மரபணுவை அடக்கி, பூவை ஏறக்குறைய ஒரு முழு நாள் நிற்க வைத்தது. அந்த மரபணுவுக்கு எபெமரல்-1 என்று பெயர். எத்திலீனுக்கு மசியாத பூக்களுக்கு ஒருநாள் அந்த வழியில்தான் விடிவு வரும்.

குளிர்

வெப்பம் 10 டிகிரி கூடினால் பூவின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். ஏப்ரல் மாதப் பெங்களூர் மதியம் 34 டிகிரி. அதே பூவை 4 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் எரியும் கையிருப்பு பல நாளுக்கு வரும். இதனால்தான் வீட்டுக் கலவை, பாக்கெட், எத்திலீன் மருந்து, குளிர் என்ற நான்கு வழிகளிலும் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது குளிர் என்று சொல்கிறேன். எல்லாப் பூவுக்கும் அல்ல என்பதுதான் சிக்கல்.

ரோஜா, கார்னேஷன், செவ்வந்தி மூன்றும் 0 முதல் 4 டிகிரியில் சுகமாக இருக்கும். வரலட்சுமி நோன்புக்கு விலை ஏறும் முன்பே வாங்கி வைக்க ஏற்றது செவ்வந்தி, பிறகு கார்னேஷன். ரோஜாவை நான்கைந்து நாளுக்குமேல் நீட்டாதீர்கள். ஆந்தூரியமும் ஹெலிகோனியாவும் வெப்பநாட்டுப் பூக்கள், 12 டிகிரிக்குக் கீழே போனால் கருநீலமாகக் கறுத்துவிடும், வெளியே எடுத்த பிறகுதான் அது தெரியும். டென்ட்ரோபியத்தையும் 10 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். சம்பங்கியைக் குளிரில் வைத்து எடுத்தால் மொட்டு விரியாமல் நின்றுவிடும், சர்க்கரைக் கரைசலில் நிறுத்திய பிறகே வைக்கலாம்.

குளிர்பானக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் விசி கூலரைத்தான் பலர் வாங்குகிறார்கள். குளிர் சரியாக இருக்கும், ஆனால் அதன் விசிறி காற்றை உலர்த்தும். பூ வைக்க 90 சதவீதத்துக்குமேல் ஈரப்பதம் வேண்டும். இதழோரம் காகிதம் போல உலர்ந்தால் காரணம் விசிறிதான். பூவைச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, இதழில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வீட்டு ஃபிரிஜ்ஜில் பூவை வைப்பவர்கள் மாம்பழத்தையும் ஆப்பிளையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

மல்லிக்குத் தண்டில்லை, குவளையில்லை, கலவையும் இல்லை. மாலையில் விரியப்போகும் மொட்டாகவே விடியலில் பறித்து வருகிறார்கள். அதைத் தாமதப்படுத்துவது ஒன்றே வழி. மதுரை, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூட்டையைத் தெர்மோகோல் பெட்டியில், பனிக்கட்டிப் பைமேல் ஒரு துணி மடித்துப் போட்டு, அதற்குமேல் வைக்க வேண்டும். பனிக்கட்டி மொட்டில் நேரே பட்டால் பட்ட இடம் பழுப்பாகும். தொடுத்த சரத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது பளபளப்புக் காட்டும், ஆனால் இதழ் நடுவில் தங்கும் ஈரம் சில மணி நேரத்தில் அதை அழுக்கு மஞ்சளாக்கும். வாழைநாரை நனைத்துத் தொடுத்து, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, வாழையிலை விரித்த கூடையில் நிழலில் வைத்தால் அந்தத் தெளிப்புக்குத் தேவையே வராது.

ஆக, எதில் தொடங்கலாம்?

ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ சரமும் உதிரிப்பூவும் விற்கும் கடைக்குத் தெர்மோகோல் பெட்டி ஒன்று போதும், கலவை, பாக்கெட், வெள்ளி எதுவும் தேவையில்லை. ரோஜாவும் ஜெர்பராவும் கொத்தாக விற்கும் கடைக்கு முதலில் பிளீச், சிட்ரிக் ஆசிட், பி.எச். காகிதம், பிளாஸ்டிக் வாளிகள். ஒன்றுவிட்டு ஒரு நாள் தேய்க்க ஆளில்லையென்றால் பாக்கெட். கையில் பணம் சேர்ந்ததும் கூலர். திருமண மண்டப அலங்காரம் எடுப்பவர் கூலரிலிருந்தே தொடங்கலாம். கார்னேஷனை மட்டும் ஹெப்பாள் மலர் ஏல மையத்திலோ நேரே தோட்டத்திலோ மருந்து கொடுத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பாக்கெட் விற்பவர் சொல்வதையும் இங்கே எழுதியிருப்பதையும் உங்கள் தண்ணீரில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரே கட்டிலிருந்து 15 ரோஜாக்களைக் கலைத்து எடுங்கள், ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். 15 கண்ணாடிப் பாட்டில், பாட்டிலுக்கு ஒரு தண்டு. ஐந்தில் வெறும் தண்ணீர், ஐந்தில் உங்கள் கலவை, ஐந்தில் சரியான அளவில் பாக்கெட். ஒரே வாளியில் ஐந்தையும் சேர்த்து வைத்தால் ஒரு தண்டு அழுகினால் ஐந்தும் போகும், கணக்கு தப்பும். வெயில் படாத ஒரே மேசையில் வைத்து, கழுத்து சாய்ந்த நாளையோ முதல் இதழ் உதிர்ந்த நாளையோ பாட்டிலில் மார்க்கரால் எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று செய்து பார்ப்பது நல்லது, தண்ணீர் வரும் இடம் மாறினால் மறுபடியும்.